மண்ணுக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் பழைய தொழிற்சாலை, பெட்ரோல் பங்க், ரயில்வே பட்டறை இருந்த விஷ மண்ணைச் சுத்தம் செய்து வீடும் பூங்காவும் கட்டுகிறார்களாமே. அதில் நகராட்சிக்கு என்ன வேலை? கெடுத்தவன் காசு கொடுக்க வேண்டாமா? வாங்குகிற பில்டரே பார்த்துக்கொள்ள மாட்டாரா? கடைசியில் 'சுத்தமாகிவிட்டது' என்று யார் சொல்வது?"

பதினைந்து வருடமாக இந்த மண்ணைத் தோண்டிப் பார்க்கிற வேலையில்தான் இருக்கிறேன், பெரும்பாலும் அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஊரில் ஒரு மனை வாங்கப் போனால் என்ன செய்வோம்? தாய்ப்பத்திரம் கேட்போம். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். அடமானம் இருக்கிறதா, வாரிசுத் தகராறு இருக்கிறதா என்று விசாரிப்போம். பழைய தொழிற்சாலை நிலத்தில் மண்ணுக்கே ஒரு வில்லங்கம் உண்டு. அது எந்தப் பதிவாளர் அலுவலகத்திலும் தெரியாது. நகரங்கள் செய்கிற வேலை அத்தனையையும் பிழிந்து பார்த்தால், அந்த வில்லங்கத்தைக் கண்டுபிடித்து எழுதி, தீர்த்துக்கொடுப்பதுதான். மண்ணை அள்ளுகிற வேலை அதில் ஒரு பகுதி. பல சமயம் சின்னப் பகுதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலத்தின் மதிப்பு பத்து லட்சம் டாலர் என்று வையுங்கள். சுத்தம் செய்ய இரண்டு லட்சம் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால், விலையில் கழித்துக்கொண்டு யாராவது வாங்கிவிடுவார்கள். இருபது லட்சம் ஆகும் என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். சரி, அதுவும் ஒரு முடிவு. இரண்டா இருபதா என்றே தெரியாமல் இருக்கும்போதுதான் எல்லாம் நின்றுபோகிறது. வங்கி கடன் தராது. சொந்தக்காரரும் பரிசோதனை செய்ய மாட்டார். செய்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னால் செலவு தலையில் விடியும். எனவே கேட்டுக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அப்படிப் பூட்டிய கேட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சில பூட்டுகள் துருப்பிடித்துச் சங்கிலியோடு ஒட்டியே போயிருக்கும்.

கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நன்றாகவே இருக்கிறது. அது வந்த கதையையும் சொல்ல வேண்டும். நயாகரா அருவி இருக்கிற ஊரில் லவ் கனால் என்று ஒரு இடம். பாதியில் கைவிட்ட கால்வாய் ஒன்றில் 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயனக் கம்பெனி 20,000 டன்னுக்கு மேல் கழிவைக் கொட்டிப் புதைத்தது. பிறகு அந்த நிலத்தை உள்ளூர் பள்ளிக்கூட வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. உள்ளே ரசாயனம் இருக்கிறது, பின்னால் எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே ஒரு வரியும் சேர்த்தது. வாரியம் அதன் மேல் பள்ளிக்கூடமே கட்டியது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் வீட்டு அடித்தளங்களில் கழிவு கசிந்து, குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாகி, ஜனாதிபதி கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். அதன் விளைவாக 1980 டிசம்பரில் வந்ததுதான் சூப்பர்ஃபண்ட் என்று எல்லோரும் சொல்லும் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பிடி பலமானது. கெடுத்தவர் மட்டுமில்லை, இன்றைய உரிமையாளரும் பொறுப்பு. கொட்டிய காலத்தில் அது சட்டப்படி சரியாக இருந்திருந்தாலும் பொறுப்பு. பத்துப் பேர் சேர்ந்து கெடுத்திருந்து ஒன்பது பேர் திவாலாகியிருந்தால், மிஞ்சியவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். பெரிய கம்பெனிகளை மடக்க இது தேவைதான். ஆனால் பக்கவிளைவு ஒன்று வந்தது: நாடு முழுக்க, கொஞ்சம் அழுக்கு இருக்கலாம் என்று சந்தேகம் உள்ள எந்த நிலத்தையும் யாரும் தொடவில்லை. பில்டர்கள் ஊருக்கு வெளியே சோளக்காட்டை வாங்கிக் கட்டினார்கள். ஊருக்கு நடுவே, சாலையும் தண்ணீரும் சாக்கடையும் ஏற்கெனவே உள்ள இடம் முள் மண்டிக் கிடந்தது. இப்படிக் கிடக்கும் நிலத்துக்குத்தான் பிரௌன்ஃபீல்டு என்று பெயர். அமெரிக்காவில் 4,50,000-க்கு மேல் இருக்கும் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. கெடுத்தவன்? பெரும்பாலும் கம்பெனியை மூடிவிட்டுப் போய்ச் சேர்ந்து பல வருடமாகியிருக்கும். மூலையில் இருந்த லாண்டரிக்காரர் மேல் வழக்குப் போட்டு என்ன கிடைக்கும்?

2002 ஜனவரியில் இதற்கு ஒரு மாற்று வந்தது. வாங்குவதற்கு முன் முறைப்படி விசாரித்து, வாங்கிய பிறகும் பொறுப்பாக நடந்துகொள்பவரைப் பழைய பாவத்துக்குப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டது. நகரங்களுக்கும் அமைப்புகளுக்கும் மானியம் தரும் திட்டத்துக்கும் அதே சட்டம் உறுதியான அடித்தளம் போட்டது. முன்னோட்டமாக 1993-லேயே கிளீவ்லாந்து நகரம் இருக்கிற கயஹோகா கவுண்டிக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் இந்த வகைக்கு மட்டும் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

அந்த மானியத்தில் ஒரு முக்கியமான வகை, சுத்தம் செய்வதற்கே இல்லை, வெறுமனே பார்ப்பதற்கு. பரிசோதனைக்கு மட்டும் காசு. வெளியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். என்னைக் கேட்டால், நகரம் செலவழிக்கிற காசில் அதிகப் பலன் தருவது இதுதான். தனியார் யாரும் போட மாட்டாத காசு இது. சொந்தக்காரருக்குப் பயம், வாங்குபவருக்கு நிலம் இன்னும் கைக்கு வரவில்லை. நடுவில் நகரம் வந்து "நான் பார்க்கிறேன்" என்று சொன்னால்தான் பூட்டு திறக்கும்.

பார்ப்பது என்றால் எப்படி? முதல் கட்டத்தில் மண்வெட்டியே கிடையாது, காகிதம்தான். அமெரிக்காவில் சான்பார்ன் வரைபடம் என்று ஒன்று உண்டு. 1867-லிருந்து தீ காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக ஊர் ஊராக, கட்டடம் கட்டடமாக அளந்து வரைந்தது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள். எது எரியும், எது வெடிக்கும் என்று காப்பீட்டுக்காரனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதனால் பெட்ரோல் தொட்டி எங்கே, பெயிண்ட் அறை எங்கே, கொதிகலன் எங்கே என்று எல்லாமே குறித்திருக்கும். அன்றைக்குத் தீயைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் எழுதி வைத்தது, இன்றைக்கு விஷத்தைத் தேடுகிற எங்களுக்குப் புதையல் வரைபடம் மாதிரி. அதோடு பழைய நகர முகவரிப் புத்தகங்கள், விமானத்திலிருந்து எடுத்த படங்கள். இன்று வெறும் பார்க்கிங் லாட்டாகத் தெரிகிற இடம் 1928-ல் வாகனப் பட்டறை, 1955-ல் உலர்சலவைக் கடை என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது கட்டத்தில்தான் துளை போடுகிற வண்டி வரும். ஒருமுறை, பழைய நிலக்கரி வாயு ஆலை இருந்த இடம் என்று வரைபடத்தில் ஒரு வட்டத்தைப் பார்த்துவிட்டுத் துளை போட்டோம். மண் பிளாஸ்டிக் குழாய்க்குள் நான்கு அடி நான்கு அடியாக மேலே வரும். மேஜையில் வைத்து நீளவாட்டில் கீறித் திறப்போம். முதல் துண்டில் செங்கல் தூளும் சாம்பலும். இரண்டாவதில் பழுப்புக் களிமண். மூன்றாவதைக் கீறினதும் பீரோவைத் திறந்த மாதிரி அந்துருண்டை வாசனை அடித்தது. பிறகுதான் கண்ணுக்குக் கறுப்பாக, விரல் தடிமனில், பளபளவென்று ஒரு கோடு தெரிந்தது. தார். நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த காலத்தில் மிஞ்சியது. அந்துருண்டையும் அந்தத் தாரும் ஒரே குடும்பம்தான், நாஃப்தலீன். அன்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நகராட்சிப் பெண் அதிகாரி முகத்தில் கவலை வரும் என்று நினைத்தேன். அவர், "நல்லது, எத்தனை அடியில் இருக்கிறது?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு அடியில் தார் என்பது ஒரு விலை. அது தெரியாமல் இருப்பதற்கு விலையே கிடையாது.

அடுத்து வருகிற கேள்வி, எவ்வளவு சுத்தம் போதும்? நூறு சதவீதம் என்று சொல்வது சுலபம். செய்தால் ஊரில் பாதி நிலம் காலத்துக்கும் பூட்டியே கிடக்கும். மண்ணில் இருப்பது ஒரு மனிதனின் வாய்க்கோ மூக்குக்கோ தோலுக்கோ வந்து சேருகிற வழி எது என்று பார்த்து, அந்த வழியை அடைப்பதுதான் நடைமுறை. குழந்தைகள் விளையாடப் போகும் கொல்லைப்புறத்துக்கு ஒரு அளவு, கிடங்கு வரப்போகும் இடத்துக்கு வேறு அளவு. சில இடத்தில் மண்ணை அள்ளி எடுத்துவிடுவோம். சில இடத்தில் மேலே இரண்டு அடி நல்ல மண்ணோ தார்ச்சாலையோ போட்டு மூடுவோம். உலர்சலவைக் கடை இருந்த இடமென்றால், அங்கே பயன்படுத்திய பெர்க் என்கிற திரவம் ஆவியாகிக் கட்டடத்துக்குள் ஏறும். அதற்குத் தரைக்கு அடியில் ஒரு பிவிசி குழாயை நுழைத்து, கூரைக்கு மேலே சின்ன மின்விசிறி வைத்து உறிஞ்சி விட்டுவிடுவார்கள். நம்ம ஊர் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய் மாதிரியே இருக்கும்.

இதை மிகத் தைரியமாகச் செய்து பார்த்த ஊர் சியாட்டில். ஏரிக்கரையில் 1906-லிருந்து 1956 வரை ஓடிய வாயு ஆலையை நகரம் 1962-ல் 13.4 லட்சம் டாலருக்கு வாங்கியது. இடித்துத் தள்ளிப் புல் போடுவார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நிலவடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஹாக், கோபுரங்களையும் இயந்திரங்களையும் அப்படியே விட வேண்டும் என்று ஊரோடு மல்லுக்கட்டினார். மண்ணையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்கு அனுப்பவில்லை. கழிவுநீர்க் கசடையும் மரத்தூளையும் கலந்து உழுது, நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்னட்டும் என்று விட்டார். இடிபாட்டையும் கெட்ட மண்ணையும் குவித்து மூடியதுதான் இன்று ஜனங்கள் பட்டம் விடுகிற குன்று. 1975-ல் பூங்கா திறந்தது. எழுபதுகளில் இது பெரிய துணிச்சல். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1984-ல் மண்ணில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருப்பது தெரிந்து பூங்காவைக் கொஞ்ச காலம் மூடினார்கள், மேலும் மண் போட்டு மூடித் திறந்தார்கள். ஏரியின் அடிவண்டல் பிரச்சினை அதற்குப் பிறகும் பல வருடம் இழுத்தது. அழகான அந்தக் கரையில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஹாக் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கிருமியால் தின்ன முடிந்ததைத் தின்றது, முடியாதது கிடந்தது. ஒரு முறை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் பிசகு.

இனி நகரம் நேரடியாகக் களத்தில் இறங்கிய கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது மில்வாக்கி.

அந்த ஊரின் நடுவே மெனோமினி பள்ளத்தாக்கு என்று சுமார் 1,200 ஏக்கர். ஒரு காலத்தில் காட்டு நெல் விளைந்த சதுப்பு. மெனோமினி என்ற பெயரே அந்த நெல்லிலிருந்து வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதில் மண்ணும் சாம்பலும் குப்பையும் கொட்டி மேடாக்கி, ஆலைகளும் இறைச்சிக்கூடங்களும் வந்தன. மேற்கு முனையில் ரயில் பெட்டியும் இன்ஜினும் செய்த மாபெரும் பட்டறை. 1985-ல் அது மூடியது. பிறகு பதினெட்டு வருடம் அந்த இடம் அப்படியே கிடந்தது. இருபுறமும் மேட்டில் ஜனங்கள் குடியிருக்க, நடுவில் ஒரு ஓட்டை. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நடந்தே வேலைக்குப் போன இடம் அது.

நகரம் 1998-ல் ஒரு திட்டம் போட்டது. மறு வருடம் இதற்கென்றே ஒரு லாபநோக்கற்ற கூட்டமைப்பு உருவானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேயர் மாறுவார், அதிகாரி மாறுவார். இருபது வருட வேலையைத் தூக்கிச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். 2003-ல் நகரம் நில ஆர்ஜித அதிகாரத்தைப் பயன்படுத்தி பட்டறை நிலத்தைத் தன் பெயருக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு மில்வாக்கி இருக்கிற விஸ்கான்சின் மாநிலத்தில் 1994-லேயே வழி செய்து வைத்திருந்தார்கள்: வரி பாக்கிக்காகவோ ஆர்ஜிதம் மூலமோ நகராட்சி ஒரு மாசடைந்த நிலத்தை எடுத்தால், யாரோ செய்த பழைய கசிவுக்கு நகராட்சியைப் பொறுப்பாக்கக் கூடாது என்று சட்டம். இந்தப் பாதுகாப்பு இல்லாத இடங்களில், வரி கட்டாத நிலத்தைக்கூட ஜப்தி செய்யப் பயப்படுகிற நகராட்சிகளைப் பார்த்திருக்கிறேன். சொத்து வரும்போது சுமையும் சேர்ந்து வருமே.

அப்புறம் நிலத்தை உயர்த்த வேண்டும், வெள்ளம் வருகிற பள்ளம் அது. அதே சமயம் ஊருக்குள் பெரிய நெடுஞ்சாலைச் சந்திப்பு ஒன்றை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே தோண்டிய மண் இங்கே வந்தது. ஒருவருக்குத் தொலைக்க இடமில்லாத மண், இன்னொருவருக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காத மண். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றும் தன் மழைநீருக்குத் தனித்தனிக் குளம் வெட்டாமல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பூங்காவையே வடிகாலாக அமைத்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் அங்கே வந்து தேங்கிச் செடிகளுக்கிடையே வடிந்து ஆற்றுக்குப் போகும், மற்ற நாளில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். பழைய பட்டறையின் இரண்டு புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே இடம் தெரியும்.

காசுக்கு என்ன செய்தார்கள் என்பதுதான் சூட்சுமம். மத்திய மானியம், மாநில மானியம் எல்லாம் உண்டு, ஆனால் முதுகெலும்பு டி.ஐ.எஃப். என்று சொல்லப்படும் வரி உயர்வு நிதி. இதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். பாழாய்க் கிடக்கும் நிலத்திலிருந்து வருடத்துக்கு ஆயிரம் டாலர் சொத்து வரி வருகிறது என்று வையுங்கள். கட்டடம் வந்தால் லட்சம் டாலர் வரும். அந்த 99,000 டாலர் உயர்வு இன்னும் பிறக்காத பிள்ளை. அதைக் காட்டி நகரம் இன்றே கடன் வாங்கிச் சாலையும் மண்ணும் சரி செய்யும். பிறகு வருகிற உயர்வு முழுவதும் கடன் அடைகிற வரை அதற்கே போகும். பழைய ஆயிரம் டாலர் வழக்கம்போல் பொது வரவில் சேரும். கடன் அடைந்த பிறகு லட்சமும் ஊருக்கு.

மில்வாக்கி அத்தோடு நிற்கவில்லை. நிலம் வேண்டுமா, ஏக்கருக்கு 22 வேலை தர வேண்டும், குடும்பம் நடத்துகிற அளவு சம்பளம் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டி நான்கு காவலாளியை வைத்துவிட்டுப் போக முடியாது. ரயில் பெட்டி செய்த இடத்தில் 2006-ல் உறைந்த பீட்சா செய்யும் ஆலை வந்தது, பின்னால் காற்றாலைகளுக்கு ஜெனரேட்டர் செய்யும் ஸ்பெயின் நாட்டுக் கம்பெனி வந்தது. பக்கத்து மேட்டிலிருந்து மறுபடி நடந்தே வேலைக்கு வருகிறார்கள். 2013-ல் ஆற்றோரம் இருந்த பழைய ரயில்வே தளம் 24 ஏக்கர் பூங்காவானது.

நியூயார்க் மாதிரி நிலத்துக்கு அடிதடி நடக்கும் ஊரில் பிரச்சினையே வேறு. அங்கே வாங்க ஆள் இருக்கிறது, ஆனால் மாநில அரசின் திட்டம் பெரிய நிலத்துக்கு ஏற்றது. மூலையில் இருக்கிற கால் ஏக்கர், அதில் ஐம்பது வீடு கட்ட நினைக்கிற சின்ன பில்டர், அவருக்கு மாநிலத் தலைநகரத்துக்கு அலைய முடியாது. எனவே நகரமே தனக்கென ஒரு மாசு நீக்க அலுவலகத்தைத் தொடங்கி, 2009-ல் அதற்குச் சட்டமும் போட்டது. திட்டத்தை அலுவலகம் பார்த்து ஒப்புதல் தரும், வேலையைக் கண்காணிக்கும், முடிந்ததும் சான்றிதழ் தரும். ஒரு நகராட்சியே இப்படி நடத்துவது அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. அந்த அலுவலகம் செய்த காரியத்தில் எனக்குப் பிடித்தது மண் வங்கி. ஊரில் எங்கோ ஆழமாக அஸ்திவாரம் தோண்டுவார்கள். அடியில் வருவது பனியுகத்து மணல், மனிதக் கை படாத சுத்தமான மண். அதைக் காசு கொடுத்து வெளியூருக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், கெட்ட மண்ணை எடுத்த பள்ளத்தை நிரப்பக் காசு கொடுத்து வெளியூரிலிருந்து நல்ல மண் வாங்கினார்கள். இரண்டு லாரியும் பாலத்தில் எதிரெதிரே கடந்து போயிருக்கும்! 2013-லிருந்து அலுவலகம் நடுவில் உட்கார்ந்து, இங்கே எடு, அங்கே போடு என்று இலவசமாக ஜோடி சேர்த்துவிடுகிறது. கல்யாணத் தரகர் வேலைதான்.

லண்டன் 2012 ஒலிம்பிக்குக்காக ஸ்ட்ராட்ஃபோர்டில் செய்தது இதைவிடப் பிரம்மாண்டம். நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன உரிமையாளர்களிடமிருந்து கட்டாயக் கொள்முதல், 52 மின்கோபுரங்களை அகற்றிக் கம்பிகளை நிலத்தடியில் பதித்தது, பத்து லட்சம் டன்னுக்கு மேல் மண்ணை அங்கேயே இயந்திரத்தில் கழுவி மறுபடி போட்டது. எண்ணெயும் ஈயமும் பெரும்பாலும் பொடியான களியில்தான் ஒட்டும். கழுவினால் மணலும் கல்லும் நல்லதாகப் பிரிந்துவிடும், மிச்சக் களியை மட்டும் குப்பைக்கு அனுப்பலாம். ஆனால் ஒலிம்பிக் தேதி என்ற சாட்டை இல்லாமல் எந்த நகரமும் அந்த வேகத்தில் செய்யாது. அதனால் அதை நான் உதாரணமாக அதிகம் சொல்வதில்லை.

இதெல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். வரி உயர்வு நிதியை, மாசே இல்லாத, எப்படியும் கட்டடம் வரப்போகிற பளபளப்பான தெருவில் போட்டு பில்டருக்குத் தாரை வார்க்கிற ஊர்களும் உண்டு. நியூயார்க் மாநிலம் 2003-ல் கொண்டுவந்த வரிச்சலுகையில், மண்ணைச் சுத்தம் செய்த செலவுக்குக் கொஞ்சமும் மேலே கட்டிய கட்டடத்துக்கு நிறையவும் சலுகை போய், பின்னால் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. இன்னொன்று, அழுக்கு இருந்தபோது அங்கே குடியிருந்தது ஏழைகள். சுத்தமானதும் வாடகை ஏறி, அதே ஏழைகள்தான் வெளியே போகிறார்கள். முப்பது வருடம் அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குப் பூங்கா கிடைக்கிற வருடத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருவதை நேரில் பார்த்திருக்கிறேன். மண்ணைப் பற்றி ஐந்நூறு பக்க அறிக்கை எழுதுகிறோம், இதற்கு அதில் ஒரு பக்கம்கூட இருக்காது.

நம் நாட்டைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். மாசடைந்த இடங்களுக்கென்றே இந்தியாவில் தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. சந்தேகமுள்ள இடங்களைக் கண்டறிவது, ஆய்வு செய்வது, பொறுப்பானவரைக் கண்டுபிடித்துச் செலவை வாங்குவது என்பது அதன் ஓட்டம். ராணிப்பேட்டையில் தொண்ணூறுகளில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் குவிந்து கிடந்ததை நினைத்தால், இது எவ்வளவு தாமதம் என்று புரியும். பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளைச் சென்னை மாநகராட்சி சலித்துப் பிரித்து மீட்கிற வேலை வேறு வகை. அங்கே நிலம் ஏற்கெனவே மாநகராட்சியின் கையில், கெடுத்தது யார் என்ற கேள்வியும் இல்லை. மூடிய தனியார் ஆலை நிலத்தை நகராட்சி பரிசோதித்து, பொறுப்பைப் பிரித்து, மறுபடி சந்தைக்குக் கொண்டுவருகிற அதிகாரமும் பணமும்தான் நம் நாட்டில் இன்னும் உருவாக வேண்டிய பகுதி.

கடைசிக் கேள்வி, சுத்தமாகிவிட்டது என்று யார் சொல்வது? நான் வேலை செய்கிற பக்கத்தில் மாநில அரசின் இயற்கை வளத் துறை கடிதம் தரும். அதில் "சுத்தம்" என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. இதற்கு மேல் எதுவும் செய்யத் தேவையில்லை, ஆனால் இன்னின்ன செய்யக் கூடாது என்று இருக்கும். கிணறு தோண்டாதே, மேலே போட்ட தார்த்தளத்தை உடைக்காதே, உடைத்தால் சொல்லிவிட்டு உடை. நிலம் கைமாறினாலும் இந்தக் கட்டுப்பாடு கூடவே போகும். இணையத்தில் முகவரியைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆக, பதிவாளர் அலுவலகத்தில் இல்லாத வில்லங்கம் ஒருவழியாக எழுத்தில் வந்துவிடுகிறது.

கடிதம் வரும் வரை யாராவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய உலர்சலவைக் கடை இருந்த ஒரு மூலையில் இப்போது மளிகைக் கடை இருக்கிறது. அதன் பார்க்கிங்கில், மூன்றாவது வண்டி நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு இரும்பு மூடி பதிந்திருக்கும். சாக்கடை மூடி என்று நினைத்து மிதித்துப் போவார்கள். அதற்கு அடியில் இரண்டு அங்குலக் குழாய், இருபத்தைந்து அடி ஆழம். ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே போய், வண்டிகளுக்கு நடுவே ஆரஞ்சுக் கூம்பு வைத்து, மூடியைத் திறந்து, மெதுவாகத் தண்ணீர் எடுத்து நாற்பது மில்லி கண்ணாடிக் குப்பிகளில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். குமிழி இருந்தால் தேடுகிற பொருள் அதில் ஏறிவிடும், அளவு குறைத்துக் காட்டும். முதல் வருடத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் பெர்க்கின் அளவு இப்போது பத்தில் ஒரு பங்காகியிருக்கிறது. வரம்புக்குள் இன்னும் வரவில்லை.